அக்கா பொண்ணுக்கு அயர்லாந்துல கவுன்சிலர் இருக்காரு, பாண்டியில எனக்கு இல்ல

போன வாரம் நம்ம ஜெராக்ஸ் கடைக்கு ஒரு பையன் வந்தான். இருபது இருபத்தொண்ணு வயசு இருக்கும். தமிழ்நாட்டுல ஏதோ ஒரு டிரஸ்ட் ஸ்காலர்ஷிப் குடுக்குதாம், அந்த ஃபார்ம பிரிண்ட் போட்டு கையில குடுத்தேன், கடைசி பக்கத்துல விரல வெச்சு "அண்ணே, வார்டு உறுப்பினர் கையொப்பம்னு இருக்கே, அவரு எங்க இருப்பாரு, எத்தன மணிக்கு போனா பாக்கலாம்"னு கேட்டான். சிரிப்பு வந்துடுச்சு எனக்கு. அவன் கேட்டதுல தப்பே இல்ல. புதுச்சேரியில கடைசியா உள்ளாட்சி தேர்தல் நடந்தது 2006ல, அப்ப இவன் நடை பழகிட்டு இருந்திருப்பான், 2011ல அந்த பதவிக்காலம் முடிஞ்சதோட சரி, அதுக்கப்புறம் இங்க வார்டும் இருக்கு நம்பரும் இருக்கு, உறுப்பினர் மட்டும் இல்ல. "எம்எல்ஏ ஆபீஸ்ல லெட்டர் வாங்கி வெச்சு அனுப்புப்பா, ஏத்துப்பாங்க"ன்னு அனுப்பி வெச்சேன். அஞ்சு ரூபா பாக்கி வேற.

அன்னிக்கு ராத்திரி அக்கா பொண்ணு வீடியோ கால்ல வந்தா. அவ நர்ஸு, பாண்டியில படிச்சுட்டு கொஞ்ச நாள் இங்க வேல பாத்துட்டு இப்ப அயர்லாந்துல இருக்கா. டப்ளினுக்கு தெக்கால டாலான்னு ஒரு ஊரு. எழுத்த பாத்தா டல்லாட்டுன்னுதான் படிக்க தோணும், ஆனா டாலான்னுதான் சொல்லணுமாம், அந்த ஊர்ல எழுதுறது ஒண்ணு வாய்ல வர்றது ஒண்ணு, பிரதமருக்கு கூட பிரதமர்னு சொல்ல மாட்டாங்க டீஷாக்னுதான் சொல்லுவாங்க. இந்த பையன் கதைய அவகிட்ட சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, "மாமா, எனக்கு இங்க ஆறு ஏழு கவுன்சிலர் இருக்காங்க, ஒருத்தருக்கு மெயில் போட்டா ரெண்டு நாள்ல பதில் வருது"ன்னா. எரிச்சலா இருந்துச்சு. அந்த எரிச்சல்லதான் இத எழுதுறேன்.

கத 2024ல ஆரம்பிக்குது. நம்ம லோக்சபா ரிசல்ட் வந்தது ஜூன் 4, பாண்டியில வைத்திலிங்கம் ஜெயிச்சாரு, கடலூர்ல விஷ்ணு பிரசாத், கடையில டிவிய போட்டு வெச்சுட்டு நாள் பூரா ஒரு பிரிண்ட் கூட ஒழுங்கா எடுக்கல நான். அதுக்கு மூணு நாள் கழிச்சு ஜூன் 7ந்தேதி அயர்லாந்துல உள்ளாட்சி தேர்தல். அதுக்கு கொஞ்சம் முன்னாடி அக்கா பொண்ணு ஒரு ஃபோட்டோ அனுப்பி இருந்தா, தபால்ல வந்த போலிங் கார்டு, அவ பேரு, பூத்து எந்த ஸ்கூலு, எல்லாம் அச்சடிச்சு. "இன்னாடி இது, அதுக்குள்ள சிட்டிசன்ஷிப் வாங்கிட்டியா"ன்னு கேட்டேன். இல்லியாம். அந்த நாட்டுல உள்ளாட்சி தேர்தலுக்கு ஓட்டு போட குடியுரிமையே தேவையில்ல, பதினெட்டு வயசு ஆகி அங்க குடியிருந்தா போதும், ஓட்டும் போடலாம், தேர்தல்ல நிக்கவும் நிக்கலாம். பார்லிமெண்ட் தேர்தலுக்குன்னா அப்படி இல்ல, அதுக்கு ஐரிஷ்காரங்களும் பிரிட்டிஷ்காரங்களும்தான். ஆனா தெருவுக்கு, குப்பைக்கு, பார்க்குக்கு, வீடு கட்ட பர்மிஷனுக்குன்னு இருக்குற கவுன்சிலுக்கு அந்த தெருவுல யார் குடியிருக்காங்களோ அவங்க ஓட்டு போடலாம். நான் இத படிச்சுட்டு ரொம்ப நேரம் அந்த போலிங் கார்டையே பாத்துட்டு இருந்தேன், ஏன்னா என் வாழ்க்கையில நான் கவுன்சிலருக்கு ஓட்டு போட்டது ஒரே ஒரு தடவ.

அவளுக்கு அப்ப பயம். ஓட்டு சீட்டு எப்படி இருக்கும்னு கூட வேல பாக்குறவங்க காட்டி இருக்காங்க, வேட்பாளர் ஃபோட்டோ, கட்சி சின்னம், பேரெல்லாம் அகர வரிசையில, பக்கத்துல கட்டம். அந்த கட்டத்துல முத்திர குத்தக்கூடாது, டிக் போடக்கூடாது, 1, 2, 3ன்னு நம்பர் போடணும். "மாமா, எத்தன நம்பர் போடணும், எல்லாருக்கும் போடணுமா, தப்பா போட்டா செல்லாத ஓட்டு ஆயிடுமா"ன்னு ஒரே கேள்வி. நான் சொன்னேன், பயப்படாதடி, இது நம்ம எம்எல்ஏக்கள் பண்றதுதான். தமிழ்நாட்டுல ராஜ்யசபா தேர்தல் வந்தா டீக்கடையில எல்லாரும் "ஒரு எம்பிக்கு 34 எம்எல்ஏ"ன்னு கணக்கு போடுவாங்க இல்ல, அது எங்கேர்ந்து வருது? மொத்தம் 234 எம்எல்ஏ, சீட்டு 6, ஆறோட ஒண்ண கூட்டி ஏழால வகுத்தா 33 சொச்சம், அதுக்கு மேல ஒண்ணு, அதான் 34. அந்த கோட்டாவ தொட்டா ஜெயிச்சாச்சு. அயர்லாந்துல எம்எல்ஏவுக்கு பதிலா ஜனங்களே அப்படி ஓட்டு போடுறாங்க, அவ்ளோதான் வித்தியாசம். ஒரு ஏரியாவுக்கு பெரும்பாலும் அஞ்சுலேர்ந்து ஏழு கவுன்சிலர். கோட்டாவுக்கு மேல வாங்குனவரோட மிச்ச ஓட்டு ரெண்டாவது நம்பர்காரருக்கு போகும், கடைசியில இருக்குறவர தூக்கிட்டு அவரோட ஓட்டையும் அடுத்த நம்பர் பாத்து பிரிப்பாங்க, சீட்டு நிரம்புற வரைக்கும் இதே வேலதான். பிடிச்சவர் வரைக்கும் நம்பர் போட்டுட்டு நிறுத்திக்கலாம், எல்லாருக்கும் போடணும்னு கட்டாயம் இல்ல.

போயிட்டு வந்து போன் பண்ணா. முதல் வருத்தம், விரல்ல மை வெக்கலியாம், செல்ஃபி எடுக்க ஒண்ணுமே இல்ல. ரெண்டாவது, பேனா இல்ல, நூல்ல கட்டி வெச்ச குட்டி பென்சிலு. பென்சில்ல ஓட்டா, ரப்பர் வெச்சு அழிச்சுட்டா என்ன பண்றதுன்னு கேட்டேன், அத இங்க யாரும் யோசிக்கிறதே இல்ல மாமான்னா. யாருக்கு போட்டன்னு கேட்டதுக்கு சீக்ரெட்டுன்னுட்டா. ஆனா அவ ஆஸ்பத்திரியில மலையாளி நர்ஸுங்க எல்லாம் சேட்டன் நிக்குறாரு சேட்டன் நிக்குறாருன்னு ஒரு மாசமா ஒரே பேச்சாம். பேபி பெரெப்பாடன், கேரளாவுல அங்கமாலிகாரரு, அங்க ஃபினா கேல் கட்சி கவுன்சிலர். அந்த தேர்தல் முடிஞ்சு அதே மாசம் தெற்கு டப்ளின் கவுன்சிலுக்கே மேயராவும் ஆனாரு. மேயருன்னா நம்ம ஊரு மாதிரி அஞ்சு வருஷம் இல்ல, கவுன்சிலருங்க தங்களுக்குள்ள ஒரு வருஷத்துக்கு ஒருத்தர தேர்ந்தெடுப்பாங்க, சங்கிலி மாட்டிக்கிட்டு விழாவுக்கு போற பதவி. ஜனங்களே நேரா ஓட்டு போட்டு மேயர தேர்ந்தெடுத்தது லிமரிக்ல மட்டும்தான், அதுவும் அந்த ஜூன்லதான் முதல் தடவ.

ஓட்டு எண்ணுறது இருக்கே, அதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. முதல்ல பெட்டிய திறந்து சீட்ட பிரிச்சு அடுக்குவாங்க, அந்த நேரத்துல கம்பிக்கு இந்த பக்கம் எல்லா கட்சிக்காரனும் அட்டையும் பேப்பரும் வெச்சுக்கிட்டு வரிசையா நின்னு, திறக்குற ஒவ்வொரு சீட்டுலயும் 1 யாருக்கு விழுந்திருக்குன்னு எட்டி எட்டி பாத்து கோடு போடுவானாம். இதுக்கு டேலின்னு பேரு. எதிர்க்கட்சிக்காரன், ஆளுங்கட்சிக்காரன் எல்லாரும் கணக்க பகிர்ந்துக்குவாங்க, மத்தியானத்துக்குள்ள அதிகாரி ஒரு வார்த்த சொல்றதுக்கு முன்னாடியே யாரு ஜெயிப்பாங்கன்னு மண்டபம் பூரா தெரிஞ்சிடும். அப்புறம் ஒவ்வொரு சுத்தா எண்ணி முடிக்க ரெண்டு நாள் மூணு நாள் ஆகும். அதே நாள்ல ஐரோப்பிய பார்லிமெண்டுக்கும் தேர்தல் நடந்துச்சு, ஒரு தொகுதியில 27 பேர் நின்னாங்க, ஓட்டு சீட்டு நம்ம ஊரு கல்யாண சாமான் லிஸ்ட் மாதிரி ரெண்டு அடிக்கு மேல நீளம், அத எண்ணி முடிக்க ஒரு வாரம் கிட்ட ஆச்சு. மெஷின் வாங்குனா என்னன்னு கேப்பீங்க. வாங்குனாங்க. 2002ல மூணு தொகுதியில சோதிச்சு பாத்துட்டு, 7,500 மெஷின், 5 கோடி யூரோவுக்கு மேல செலவு, ஜனங்க நம்ப மாட்டோம்னுட்டாங்க, வருஷக்கணக்கா குடோன்ல வாடக குடுத்து வெச்சிருந்துட்டு 2012ல பழைய இரும்பு விலைக்கு போட்டாங்க, கெடச்சது ஏதோ 70,000 யூரோ. பென்சிலுக்கே திரும்பி வந்துட்டாங்க. இத நம்ம ஊர்ல சொன்னா ரெண்டு தரப்பும் என்ன அடிக்க வரும், அதனால இதோட விடுறேன்.

ரிசல்ட்டுக்கு வருவோம். நாடு பூரா 31 கவுன்சில், 949 சீட்டு. ஃபியன்னா ஃபாயில் 248, ஃபினா கேல் 245. இந்த ரெண்டு கட்சியும் நூறு வருஷத்துக்கு முன்னாடி அந்த ஊரு உள்நாட்டுப் போர்ல எதிரும் புதிருமா நின்னவங்களோட வாரிசுங்க, மாத்தி மாத்தி ஆண்டவங்க, 2020ல ரெண்டும் சேர்ந்து ஆட்சி அமைச்சிடுச்சு. திமுகவும் அதிமுகவும் ஒரே மேடையில மால போட்டுக்குற மாதிரி நெனச்சுக்கோங்க. இவங்க ரெண்டு பேரையும் தூக்கி அடிக்கப் போறதா பேசுன கட்சி ஷின் ஃபெயின். அதோட கதைய கேட்டா நம்ம ஊரு கட்சி ஆபீஸ் வாசல்ல நிக்குற மாதிரியே இருக்கும். 2019 உள்ளாட்சியில 159ல இருந்து 81க்கு விழுந்தாங்க. அந்த பயத்துல அடுத்த வருஷம் பார்லிமெண்ட் தேர்தலுக்கு 42 பேர மட்டும் நிறுத்துனாங்க, ஜனங்க கொட்டி குடுத்துட்டாங்க, முதல் விருப்ப ஓட்டுல அவங்கதான் ஃபர்ஸ்ட்டு, 37 சீட்டு, இன்னும் ஆள் நிறுத்தி இருந்தா இன்னும் ஜெயிச்சிருக்கலாம்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. சரி இந்த தடவ விடக்கூடாதுன்னு 2024 உள்ளாட்சியில 300 பேருக்கு மேல நிறுத்துனாங்க. அதுக்குள்ள காத்து மாறிப்போச்சு. 102தான் கெடச்சுது. ஒரே ஏரியாவுல சொந்த கட்சிக்காரனே ஒருத்தன் ஓட்ட ஒருத்தன் பிரிச்சு, ரெண்டு பேருமே கோட்டாவ தொடாம போன இடமெல்லாம் உண்டு. ஆள் கம்மியா நிறுத்துனாலும் நஷ்டம், அதிகமா நிறுத்துனாலும் நஷ்டம், இந்த எண்ணிக்கைய சரியா போடுறதுதான் அந்த முறையில பெரிய வித்த.

சுயேச்சைங்க 186 பேர், அத படிச்சப்ப நான் கண்ணாடிய துடைச்சுட்டு மறுபடி படிச்சேன். அஞ்சுல ஒண்ணு. நம்ம ஊர்ல சுயேச்சைன்னா யாரு, சீட்டு கெடைக்காத கட்சிக்காரன், இல்லன்னா அவன் ஓட்ட பிரிக்க எவனோ நிறுத்தி வெச்ச அதே பேர் உள்ள ஆளு. அங்க சுயேச்சைன்னா பல ஊர்ல பேரு வாங்குன ஆளுங்க. நீ அவருக்கு மூணாவது நம்பர் போட்டாலும் அது வீணா போகாதுங்கறதால ஜனங்க தைரியமா போடுறாங்க. அதே முறையிலதான் வெளிநாட்டுக்காரங்க வேணாம்னு கத்துன ஆளுங்களும் டப்ளின்ல சில பேர் ஜெயிச்சு உள்ள வந்தாங்க. அதுவும் பிரதிநிதித்துவம்தான், கசக்கும், ஆனா அதுதான். அக்கா பொண்ணு அந்த வாரம் கொஞ்சம் சோர்வாதான் பேசுனா. அடுத்த வருஷம் 2025 ஜூலையில டாலா பக்கத்துலயே ஒரு இந்தியர கும்பலா அடிச்சு துணிய உருவி விட்டாங்க, இந்திய தூதரகமே ஜாக்கிரதையா இருங்கன்னு அறிக்க விட்டுச்சு, அப்ப எங்கக்கா மூணு நாள் சாப்பிடல, டிக்கெட் போட்டு வந்துடுடின்னு ஒரே அழுக. அந்த நேரத்துல பேபி பெரெப்பாடன்தான் முன்னாடி வந்து வெளிப்படையா பேசுனாரு. ஓட்டு போட்ட ஊர்ல நம்மளுக்குன்னு வாய் திறக்க ஒரு ஆள் இருக்குன்னு அவ சொன்னப்ப எனக்கு பதில் வரல.

அங்கயும் எல்லாம் தேனும் பாலும் இல்ல, அதையும் சொல்லணும். பாதி பேர்தான் ஓட்டு போட வந்தாங்க. ஜெயிச்சதுல பொம்பளைங்க நாலுல ஒண்ணு, கொஞ்சம் கூட. பார்லிமெண்ட் தேர்தலுக்கு கட்சிங்க இத்தன சதவீதம் பொம்பளைங்கள நிறுத்தணும்னு சட்டம் இருக்கு, உள்ளாட்சிக்கு இல்ல. இதுல நம்ம பக்கத்து தமிழ்நாடு பாதிக்கு பாதி ஒதுக்கி வெச்சிருக்கு, கடலூர் மாநகராட்சி மேயரே பெண்தான். (கவுன்சிலருக்கு போன் அடிச்சா வீட்டுக்காரர் எடுக்குற கதை தமிழ்நாடு பூரா இருக்கு, அது வேற பஞ்சாயத்து.) அங்க எந்த கவுன்சிலராவது எம்பி ஆயிட்டாலோ இறந்துட்டாலோ இடைத்தேர்தல் கெடையாது, கட்சியே ஒரு ஆள அந்த எடத்துல உக்கார வெச்சுக்கலாம், அது சில சமயம் மகனாவோ மகளாவோ இருக்கும், அத பத்தி ஒரே சண்ட. எல்லாத்துக்கும் மேல அங்க இருக்குற பெரிய புலம்பல் என்னன்னா, கவுன்சிலருக்கு அதிகாரமே இல்ல, போலீஸ் இல்ல, பள்ளிக்கூடம் இல்ல, ஆஸ்பத்திரி இல்ல, தண்ணி கூட தேசிய கம்பெனி கைக்கு போயிடுச்சு, தெனசரி நிர்வாகம் எல்லாம் சீஃப் எக்ஸிகியூட்டிவ்னு ஒரு அதிகாரி கையில. 2014ல 80 டவுன் கவுன்சில ஒரேயடியா கலைச்சுட்டாங்க, 1,627 கவுன்சிலர் இருந்த நாட்டுல 949 ஆச்சு. எங்க ஊருக்குன்னு ஒரு கவுன்சில் இருந்துச்சு, இப்ப எங்கயோ இருக்குற மாவட்ட ஆபீஸ்ல போய் நிக்கணும்னு சின்ன சின்ன டவுன் ஜனங்க இன்னும் அத சொல்லி சொல்லி மாயுறாங்களாம். அக்கா பொண்ணு கூட வேல பாக்குற ஒரு ஐரிஷ் அம்மா, "எங்க உள்ளாட்சி செத்துப்போச்சு"ன்னு டீ குடிக்கும்போது தெனம் சொல்லுமாம். இவ அதுக்கு என்ன பதில் சொன்னான்னா, "எங்க ஊர்ல கருமாதியே முடிஞ்சுடுச்சு"ன்னாளாம்.

அங்க 2022 கணக்குக்கு 51 லட்சம் பேரு, அவங்களுக்கு 949 கவுன்சிலர், அதையே பத்தலன்னு சொல்றாங்க. எங்க யூனியன் பிரதேசத்துல எத்தன பேர் இருக்கோம், 2011 கணக்குக்கே 12 லட்சத்துக்கு மேல. புதுச்சேரி, உழவர்கரை, காரைக்கால், மாஹே, ஏனாம்னு அஞ்சு நகராட்சி, கிராமப் பக்கத்துக்கு பத்து கொம்யூன் பஞ்சாயத்து. தேர்ந்தெடுத்த கவுன்சிலர் சைபர். 1968ல ஒரு தேர்தல் நடந்துச்சு, அதுக்கப்புறம் 38 வருஷம் கழிச்சு 2006ல, அதுக்கப்புறம் இத எழுதுற வரைக்கும் இல்ல. 2021ல தேதியெல்லாம் அறிவிச்சாங்க, இட ஒதுக்கீடு விஷயத்துல கோர்ட்டுக்கு போய் நின்னு போச்சு. அரசியல் சட்டத்துல அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ நடத்தியே ஆகணும்னு 74வது திருத்தத்துல எழுதி வெச்சு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. 1988க்கு அப்புறம் பொறந்த ஒருத்தர் கூட பாண்டியில பொறந்து வளந்து இங்கயே இருந்து கவுன்சிலருக்கு ஓட்டு போட்டது கெடையாது. அக்கா பொண்ணும் அந்த கணக்குலதான் வர்றா, அவ முதல் கவுன்சிலர் ஓட்டு ஐரிஷ் ஓட்டு.

இதுல இன்னொரு கூத்து, எங்க தெருவுல சொல்தா வீடு ஒண்ணு இருக்கு, தாத்தா பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு, குடும்பத்துக்கே பிரெஞ்சு குடியுரிமை, அவங்க பிரான்ஸ் ஜனாதிபதி தேர்தலுக்கு பாண்டியில உக்காந்துக்கிட்டே ஓட்டு போடுவாங்க. அந்த வீட்டு அண்ணனுக்கு மக்ரோன தேர்ந்தெடுக்க உரிம இருக்கு. அவரு வீட்டு வாசல்ல தெரு விளக்கு எரியலன்னா அவருக்கும் ஆள் கெடையாது, எனக்கும் கெடையாது, அந்த விஷயத்துல சமத்துவம்.

பீச் ரோட்டுல மேரி கட்டடம் பாத்திருப்பீங்க. 1871ல கட்டுனது, பிரெஞ்சுக்காரன் காலத்து நகராட்சி மண்டபம், எங்க அப்பா பொறப்பு சர்டிபிகேட் எல்லாம் அந்த மேரியில பதிஞ்சதுதான். 2014 நவம்பர் மழையில சரிஞ்சு விழுந்துடுச்சு. அப்படியே பழைய அச்சுலயே திருப்பி கட்டி 2021ல பிரதமர் திறந்து வெச்சாரு. வெள்ளையா, தூணெல்லாம் வெச்சு, அழகுன்னா அழகு, கல்யாண ஜோடிங்க எல்லாம் முன்னாடி நின்னு ஃபோட்டோ எடுக்குது. நகராட்சி மண்டபத்த திருப்பி கட்டிட்டாங்க, நகர்மன்றத்த கட்டல.

இன்னொண்ணு நெறைய பேர் மறந்துட்டாங்க. இந்த ஊரு இந்தியாவோட சேந்ததே கவுன்சிலருங்க ஓட்டுலதான். 1954 அக்டோபர் 18, கீழூர்ல, பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும் மொத்தம் 178 பேர் கூடி ஓட்டு போட்டாங்க, 170 பேர் இந்தியாவோட சேரலாம்னு, 8 பேர் வேணாம்னு. நவம்பர் 1ந்தேதி நிர்வாகம் கை மாறுச்சு. அந்தக் காலத்து தேர்தல் யோக்கியதைய பத்தி பெரியவங்க சொல்ற கதையெல்லாம் தனி, கம்பு, கத்தி, பெட்டி மாத்துறதுன்னு. ஆனாலும் ஒரு ஊரு எந்த நாட்டோட இருக்கணும்னு கேக்கும்போது தெருவுல இருந்து தேர்ந்தெடுத்த ஆளுங்ககிட்டதான் கேட்டாங்க. சட்டப்படி இந்தியாவோட சேந்த நாளுன்னு ஒவ்வொரு ஆகஸ்ட் 16ந்தேதியும் கீழூர்ல கொடி ஏத்துறாங்க, மால போடுறாங்க, மிட்டாய் குடுக்குறாங்க. இன்னிக்கு அதே கேள்விய கேக்கணும்னா கூட்டுறதுக்கு 178 பேர் எங்க இருக்காங்க? 30 எம்எல்ஏ, அதோட மத்திய அரசு நியமிக்கிற 3 பேர், முடிஞ்சுது.

அதனால எல்லாமே எம்எல்ஏ தலையில. வாய்க்கால் அடப்புக்கு எம்எல்ஏ, நாய் தொல்லைக்கு எம்எல்ஏ, காதுகுத்துக்கும் எம்எல்ஏ. சட்டசபையில சட்டம் பத்தி பேசுறதுக்கு அவருக்கு எங்க நேரம் இருக்கும். 2024 நவம்பர் 29 அயர்லாந்துல பார்லிமெண்ட் தேர்தல், 30ந்தேதி எண்ணிக்க. அன்னிக்குத்தான் எங்களுக்கு ஃபெஞ்சல் புயல். டப்ளின் வடக்குல ஒரு கவுன்சில் பேரு ஃபிங்கல், அக்கா பொண்ணு போன்ல "ஃபிங்கல்ல எண்ணிட்டு இருக்காங்க மாமா"ங்கறா, நான் "ஃபெஞ்சல்ல முழுகிட்டு இருக்கோம்டி"ங்கறேன், லைன் கட்டாச்சு. ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல மழ. கிருஷ்ணா நகர்ல ராணுவமே வந்து ஜனங்கள மீட்டுச்சு. எங்க தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி, கடையில கீழ் தட்டுல வெச்சிருந்த ஏ4 பேப்பர் கட்டு பதினோரு கட்டு ஊறி இட்லி மாவு மாதிரி ஆயிடுச்சு. தெரு முனையில ஒரு கல்வெர்ட்டு இருக்கு, அதுக்குள்ள உடைஞ்ச சிமெண்டு பலகை ஒண்ணு குறுக்கால விழுந்து கெடக்கு, அத எடுத்தா தண்ணி ஓடிடும், இது தெருவுல எல்லாருக்கும் தெரியும், ரெண்டு வருஷமா தெரியும். சம்பந்தப்பட்ட ஆபீசுக்கு நானே மூணு மனு டைப் அடிச்சு குடுத்திருக்கேன், ஒவ்வொரு தடவையும் "இது எங்க லிமிட்டு இல்ல, அந்த டிபார்ட்மெண்டு"ன்னு அடுத்த கட்டடத்துக்கு கை காட்டுவாங்க, அந்த கட்டடத்துல திருப்பி இந்த கட்டடத்துக்கு. அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு பால்காரரு, எதிர் வீட்டு எலக்ட்ரீஷியன், சொல்தா வீட்டு அண்ணன், நான், நாலு பேர் கடப்பாரைய போட்டு நெம்பி அந்த பலகைய எடுத்தோம். ஒரு சத்தம் கேட்டுச்சு பாருங்க, தண்ணி உறிஞ்சுற சத்தம், பெரிய யானை ஜூஸ் குடிக்கிற மாதிரி. விடியறதுக்குள்ள கணுக்காலுக்கு எறங்கிடுச்சு.

கடலூர்ல என் மச்சான் இருக்கான், மஞ்சக்குப்பம். 2022 பிப்ரவரி தேர்தல்ல அவங்களுக்கு 45 வார்டுக்கும் கவுன்சிலர் வந்துட்டாங்க. அவன்கிட்ட இந்த பலகை கதைய சொன்னா, "கவுன்சிலர் இருந்தா மட்டும் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து எடுத்திருப்பாரா"ங்கறான். எடுத்திருக்க மாட்டாரு, தெரியும். ஆனா காலையில அவரு வீட்டு வாசல்ல போய் நின்னு கத்தி இருக்கலாம் இல்ல? அஞ்சு வருஷம் கழிச்சு ஓட்டு கேட்டு வரும்போது பலகைய ஞாபகப்படுத்தி இருக்கலாம் இல்ல? எனக்கு கத்துறதுக்கு ஒரு வாசல் வேணும், அவ்ளோதான் கேக்குறேன். அவனும் ரொம்ப பேச முடியாது, கடலூர் மாவட்ட கிராம பஞ்சாயத்துங்களுக்கு 2025 ஜனவரியோட பதவிக்காலம் முடிஞ்சு அங்கயும் தனி அலுவலருங்க வந்து உக்காந்துட்டாங்க. 2016லேர்ந்து 2019 வரைக்கும் அவங்க இதே மாதிரி ஓட்டினவங்கதான். நாங்க அந்த விஷயத்துல சீனியர்.

சரி, என் ஒரே ஒரு ஓட்டு கதைய சொல்லிடுறேன். 2006ல எங்க வார்டுல ஒரு டீக்கடைக்காரர் சுயேச்சையா நின்னாரு. கட்சி இல்ல, கொடி இல்ல, அவரு கடை பாய்லர் மேலயே சின்னத்த ஒட்டி வெச்சிருந்தாரு. அவருக்குத்தான் போட்டேன். டெபாசிட் போச்சு. அடுத்த நாள் காலையில கடைக்கு போனேன், ஒண்ணும் சொல்லாம டீ போட்டு குடுத்துட்டு காசு வாங்கல. இத அக்கா பொண்ணுகிட்ட சொன்னப்ப அவ சொன்னா, "இங்கயா இருந்தா உன் ஓட்டு அவரு வெளிய போனதும் ரெண்டாவது ஆளுக்கு போயிருக்கும் மாமா, நீ ரெண்டாவது யாருக்கு போட்டிருப்ப?" யோசிச்சு பாத்தா பதில் இல்ல. அப்படி ஒரு கேள்விய யாரும் எங்கிட்ட கேட்டதே இல்லையே.

போன வச்சப்புறம் வீட்டம்மாகிட்ட சொன்னேன், வா நாம ஒரு தேர்தல் வெக்கலாம்னு. பிரிண்ட் அழுத்தி வீணா போன ஒரு பேப்பர் பின்னால எங்க தெருவுல யார் யார் நின்னா நல்லா இருக்கும்னு ஏழு பேர் எழுதுனேன், ரெண்டு பேரும் தனித்தனியா நம்பர் போடணும், பென்சில்லதான். நான் என் பேரையும் ஒரு ஓரமா சேத்து வெச்சேன், சும்மா. அவ மூக்குக் கண்ணாடிய போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் யோசிச்சு போட்டா. 1 எலக்ட்ரீஷியனுக்கு, ஏன்னா போன் பண்ணா எடுப்பாரு. 2 சொல்தா வீட்டு அண்ணி. 3 பால்காரரு. அதோட பென்சில கீழ வெச்சுட்டா.

"எனக்கு?"ன்னு கேட்டேன்.

"எல்லாருக்கும் போடணும்னு கட்டாயம் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க"ன்னுட்டு அடுப்ப பாக்க போயிட்டா.